வாக்குறுதியும் பதிவேடும்

கேள்வி: கண்டியச் சட்டப்படி மணந்தவர்கள் இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே மணவிலக்குப் பெறலாம். பொதுச் சட்டத்தில் மணந்த எங்களுக்கோ நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் இந்த இறுக்கத்தை ஏன் கட்டிக்காக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: காக்க வேண்டியது திருமணத்தை, இறுக்கத்தை அல்ல. சாகும்வரை சேர்ந்திருப்போம் என்று கடவுள் முன் சொன்ன சொல்லை எந்தச் சட்டமும் தளர்த்தாது என்று நம்புகிறவன் நான். ஆனால், பிரிய முடிவெடுத்த இருவர் பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் மற்றவரைக் கைவிட்டதாகக் கூண்டில் சத்தியம் செய்கிறார்களே, அது எந்த வேதத்துக்கு அடுக்கும்? பொய்ச்சாட்சியும் பத்துக் கட்டளைகள் விலக்கியதுதான்.

1859இல் ஆங்கில அரசு கண்டியில் ஒரு பெண் பல கணவரை மணக்கும் வழக்கத்தைத் தடைசெய்து, பதிவைக் கட்டாயமாக்கியது. மணவிலக்கும் கடினமானது. 1870இலேயே சம்மத மணவிலக்கைத் திரும்பத் தர வேண்டியதாயிற்று. பௌத்தரின் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே நம் புனித பவுல் ஆலயம் நிற்கிற ஊர் கண்டி. ஆகவே அயலவரின் மணமுறையை நம் அளவுகோலால் திருத்தப் போக வேண்டாம்.

நாம் உறுதியாக நிற்க வேண்டிய இடம் வேறு. ஆலயத்தில் மணந்தவர் இஸ்லாத்துக்கு மாறி, முதல் மனைவி இருக்கவே இன்னொருவரை மணந்த ரீட் வழக்கில், அது குற்றமில்லை என்றது இலண்டன் பிரிவி கவுன்சில், 1965இல். நம் உயர் நீதிமன்றம் 1998இல்தான் அந்த வாசலை அடைத்தது. இடைப்பட்ட முப்பத்துமூன்று ஆண்டுகளில் கைவிடப்பட்ட மனைவிமாருக்காக நாம் போதிய குரல் கொடுத்தோமா? அந்தக் கேள்வியே எனக்குப் பெரிது.