முதலில் டெலிவரி, பிறகு யோசனை

பிரிட்டனில் ஏழைகளுக்கான ஆறு உதவித்தொகைகளை ஒன்றாக்கி 'யூனிவர்சல் கிரெடிட்' என்று பெயர் சூட்டினார்கள். அப்போதைய மந்திரி இயன் டங்கன் ஸ்மித். மென்பொருளை அஜைல் முறையில் கட்டப்போகிறோம் என்றார்கள். உட்கார்ந்து யோசித்தால் காலதாமதம். நின்றபடியே பேசு, சுவரில் மஞ்சள் சீட்டு ஒட்டு, 'ஸ்பிரின்ட்' என்ற குறுந்தவணைகளில் வேலையை முடி, சீக்கிரம் பலனைக் கொடு!

கொடுத்தார்கள். 2013 ஏப்ரலில் ஆஷ்டன்-அண்டர்-லைனில் திறப்பு விழா. யார் வரலாம்? தனிக்கட்டை, பிள்ளைகுட்டி இல்லாதவர், நிலைமையில் சிக்கல் ஏதும் இல்லாதவர். அதாவது, கணினிக்குத் தொந்தரவு தராத ஏழை. அதே ஆண்டு செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் எழுதியது: இந்தத் திட்டம் எப்படி இயங்கவேண்டும் என்ற விரிவான பார்வையே துறையிடம் இருந்ததில்லை. 3.4 கோடி பவுண்டு பெறுமானமுள்ள மென்பொருள் வேலை அதற்குள் குப்பைக்குப் போயிருந்தது.

பலன் மட்டும் மெதுவாகவே வந்தது. விண்ணப்பித்தவர் முதல் காசைக் காண ஆறு வாரம். 2018இல் பெரிய மனது பண்ணி ஐந்தாகக் குறைத்தார்கள். அதுவரை என்ன சாப்பிடுவது என்பது அடுத்த ஸ்பிரின்டில் வரும் போலிருக்கிறது.

வருஷக்கணக்கில் ஆவணம் எழுதி அலமாரியில் அடுக்கும் கூட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: மாதக்கடைசி ஞாயிறானால் சம்பளம் என்று வரும்? வெள்ளிக்கிழமையே வரும் என்று எந்த ஆபீஸ் சம்பளக் குமாஸ்தாவும் டீ குடித்தபடி சொல்லியிருப்பார். கணினிக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே மாதக் கணக்கில் இரண்டு சம்பளம் விழுந்ததும், 'ஆகா, பணக்காரி!' என்று அது உதவித்தொகையை வெட்டியது. வெட்டுப்பட்டவர்களில், வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் பிள்ளை வளர்த்த நான்கு தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். சட்டப்படி இப்படித்தான் கணக்குப் போடமுடியும், மாற்றினால் செலவாகும் என்று அரசு கூசாமல் வாதாடியது. வாடகை பாக்கி வைத்தவளிடம் செலவுக்கணக்கு!

2001இல் யூட்டாவில் கூடி அஜைல் கொள்கையை எழுதிய 17 பேரும் வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்யத்தான் சொன்னார்கள். அந்தச் சீட்டு மட்டும் சுவரில் ஒட்டவில்லை போலும்.

2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சம்பளக் கணக்கு அறிவுக்குப் பொருந்தாதது என்று தீர்ப்பளித்தது. முதல் டெலிவரியிலிருந்து ஏழு ஆண்டு. அதற்குள் எத்தனை இரண்டு வார ஸ்பிரின்ட் ஓடியிருக்கும் என்று அந்தக் கணினியையே கேட்கலாம். பதில் வர ஐந்து வாரம் ஆகும்.