ஐந்து சென்ட் சாம்ராஜ்யம்

பழைய விலைவாசியைப் பாராயணம் செய்வது முதியவர்களின் பிறப்புரிமை; அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அகப்பட்டவர்களின் தலைவிதி. இந்த இரண்டு நியதிகளும் கடல் கடந்தும் செல்லுபடியாகின்றன என்பதற்கு, நியூஜெர்ஸியில் என் மகள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவரே சாக்ஷி. எண்பத்தைந்து பிராயத்தைத் தாண்டியவர். புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். கையில் ரப்பர்க் குழாயுடன் புல்தரைக்கு வந்தாரானால், தண்ணீர் பாய்வதற்கு முன்பே 1950-ஆம் வருஷத்து விலைகள் பாய ஆரம்பித்துவிடும். ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி விற்ற கதையைப் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, பாஷை வேறாயினும் ராகம் புதிதாகப் படவில்லை. சொந்தப் பேரப்பிள்ளைகள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தப்பித்து ஓடும் காலத்தில் அவருக்கு ஒரு சிரோதா வாய்த்தான். வேறு ஜோலியில்லாத எனக்கு ஒரு காலக்ஷேபம் வாய்த்தது.

அந்தக் காலக்ஷேபத்தின் கதாநாயகன் ஜனாதிபதி ஐசனோவரும் அல்ல, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியும் அல்ல. நிக்கல் என்று அங்கே வழங்கும் ஐந்து சென்ட் நாணயம். டாலருக்கு நாலே முக்கால் ரூபாய் என்றிருந்த ஐம்பதுகளின் கணக்குப்படி நம் நாலணாவுக்குச் சற்றே குறைச்சல். நாற்பதுகளில் நியூயார்க் நகரத்தில் ஒருவன் அந்த ஒற்றைக் காசைக் கொண்டு பாதாள ரயிலேறி ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகலாம். பொதுத் தொலைபேசியில் பேசலாம். ஒரு கோப்பைக் காப்பி அருந்தலாம். ஒரு சீசா கோகா கோலாவும் குடிக்கலாம். ஒரே காசை வைத்துக்கொண்டு இந்த நான்கையும் செய்ய முடியாது என்பதைப் பெரியவர் சொல்ல மறந்துவிடுவார், நானும் ஞாபகப்படுத்துவதில்லை.

ஆட்டோமாட் என்ற போஜனசாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகத்தில் ஒரு தேஜஸே வந்துவிடும். ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் என்ற கம்பெனியார் 1902-இல் பிலடெல்பியாவிலும், பிறகு 1912-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்திலும் தொடங்கிய இந்த ஹோட்டல்களில் பரிமாறுகிறவன் கிடையாது. ஆகையால் அவனுடைய முகச்சுளிப்பும் கிடையாது, இனாமும் கிடையாது. சுவர் முழுவதும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு தட்டில் ஏதாவதொரு பதார்த்தம். துவாரத்தில் நிக்கலைப் போட்டுக் குமிழைத் திருகினால் ‘கிளிக்’ என்று கதவு திறக்கும். பூசணிப் பையோ, அவரைக்காய்க் கறியோ, நாம் கண் வைத்தது நம் கைக்கு வரும். காப்பி வருவதோ டால்பின் மீன் தலை பொருத்திய குழாயின் வாயிலிருந்து. காசு விழுந்ததும் கோப்பை நிரம்புகிற அளவுக்கு, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், மீன் காப்பியைக் கக்கும். நெடுநேரம் காய்ந்த டிகாஷனை ஊற்றக்கூடாது என்பதற்காக, இருபது நிமிஷத்துக்கு மேற்பட்ட காப்பியைக் கீழே கொட்டிவிடுவது அந்த ஸ்தாபனத்தின் ஆசாரம். நம் ஊரில் சில ஹோட்டல்களில் காலையில் போட்ட டிகாஷன் சாயங்காலம் வரை ஆயுளோடு இருப்பதைப் பார்த்த எனக்கு, இந்தத் தகவல் கொஞ்சம் பொறாமையையே உண்டாக்கிற்று.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் வந்தவர்களிடம் சில்லறை இருக்க வேண்டுமல்லவா? அதற்காகக் கண்ணாடிக் கூண்டுக்குள் சில பெண்மணிகள் உட்கார்ந்திருப்பார்கள். விரல் நுனிகளில் ரப்பர் உறை. ஒரு டாலர் நோட்டை நீட்டியதும், பல்லாங்குழியில் கைதேர்ந்த பாட்டி சோழி அள்ளுவதைப்போல, பாராமலே அள்ளி வீசுவார்கள். எண்ணிப் பார்த்தால் சரியாக இருபது நிக்கல் இருக்கும். அவர்கள் வீசி வீசியே சலவைக்கல் மேடை குழிந்து போயிருக்கும் என்பார் பெரியவர்.

காசு இல்லாதவர்களுக்கும் ஆட்டோமாட்டில் ஒரு மார்க்கம் இருந்தது. ஐஸ் டீக்காக வைத்திருக்கும் எலுமிச்சைத் துண்டுகளை இனாம் தண்ணீரில் பிழிந்து, மேஜைமேல் உள்ள சர்க்கரையைக் கலந்தால் பானகம் தயார். வெந்நீரில் தக்காளி சாஸைக் கவிழ்த்தால் சூப் தயார். இவற்றைத் தம் ‘நண்பன் ஒருவன்’ செய்ததாகப் பெரியவர் சொன்னார். அந்த நண்பனுடைய அடையாளத்தைத் துருவி விசாரிப்பது நாகரிகமல்ல என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காப்பியின் விலை 1950-இல்தான் முதன்முதலாக ஏறிற்று. ஏறியது ஒரு காசோ இரண்டு காசோ அல்ல, ஒரேயடியாகப் பத்து சென்ட். காரணம் பேராசையல்ல. யந்திரத்தின் துவாரத்துக்கு ஐந்து சென்ட் தெரியும், பத்து சென்ட் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஆறு, ஏழு என்ற சமரசங்கள் அதற்குத் தெரியாது. பெரியவர் தர்மம் என்று கொண்டாடுகிற அந்த விலையைக் காப்பாற்றி வந்ததில் வியாபாரியின் பரோபகார சிந்தையைக் காட்டிலும் இரும்புத் துவாரத்தின் பிடிவாதத்துக்கே அதிகப் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

கோகா கோலாவின் கதை இதைவிட ரஸமானது. 1886-இல் அட்லாண்டாவில் ஐந்து சென்டுக்கு விற்கத் தொடங்கிய பானம், இரண்டு உலக மகாயுத்தங்களையும் ஒரு மகா பொருளாதார மந்தத்தையும் தாண்டி, ஐம்பதுகளின் கடைசிவரைக்கும் சில இடங்களில் அதே ஐந்து சென்டுக்கு விற்றது. 1899-இல் இரண்டு வக்கீல்கள் வந்து, சீசாவில் அடைத்து விற்கும் உரிமையைக் கேட்டார்கள். அன்றைய முதலாளி ஆசா காண்ட்லர், சீசாவில் யார் குடிக்கப்போகிறார்கள் என்ற அலட்சியத்தில், ஒரு டாலருக்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். சீசாவில் அடைப்பவர்களுக்குக் கம்பெனி விற்கும் பாகின் விலையும் மாறாதபடி ஒப்பந்தத்தில் அகப்பட்டுக்கொண்டது. பாகு விலையை உயர்த்த முடியாத கம்பெனிக்கு லாபம் வர ஒரே வழி, அதிகச் சீசாக்கள் விற்பது. ஆகவே ‘ஐந்து சென்ட்’ என்று சுவருக்குச் சுவர் விளம்பரம் எழுதிவிட்டார்கள். எழுதிய பிறகு எந்தக் கடைக்காரன் ஆறு சென்ட் கேட்பான்? பிற்பாடு ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் நிக்கலை மட்டுமே விழுங்கும் விற்பனை யந்திரங்கள் தேசமெங்கும் பரவிவிட்டன. விலையை ஒரு காசு உயர்த்தினால் யந்திரம் முழுவதையும் மாற்ற வேண்டும். பத்து சென்டாக்கினால் விலை இரட்டிப்பாகிவிடும். இந்தத் தர்மசங்கடத்தில் 1953-இல் கம்பெனித் தலைவர் ராபர்ட் உட்ரஃப், தம் சிநேகிதரான ஜனாதிபதி ஐசனோவருக்கு ஒரு யோசனை எழுதினார்: ஏழரை சென்ட் நாணயம் ஒன்று அச்சிட்டால் என்ன? ஏழரை வந்தால் எப்போது விலகும் என்று ஜோசியரிடம் ஓடுகிற நமக்கு, ஏழரை வர வேண்டுமென்று விண்ணப்பம் போட்ட மகானுபாவர் ஒருவர் இருந்தார் என்பது ஆச்சரியம்தான். கஜானா இலாகா இணங்கவில்லை.

பாதாள ரயிலும் இதே பாதையில் ஓடிற்று. 1904 முதல் ஐந்து சென்டாக இருந்த கட்டணம் 1948-இல் பத்தாயிற்று. 1953-இல் பதினைந்தாக்கியபோது, நுழைவாயில் யந்திரம் இரண்டு வேறு காசுகளைச் சேர்த்து வாங்கத் தெரியாமல் விழித்ததால், அதற்கென்றே தனி வில்லை ஒன்று வார்த்து விற்றார்கள்.

பெரியவருடைய புராணத்தைப் பிரமாணத்தோடு ஒத்துப் பார்க்கும் பொருட்டு, ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய், பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய ‘லைஃப்’ பத்திரிகைகளைப் புரட்டலானேன். இருபது சென்ட் விலையுள்ள அந்தப் பத்திரிகையில் செய்திகளைத் தேடுவதுதான் கஷ்டம். விளம்பரங்கள் தாமே வந்து மடியில் விழும். அன்று சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, மணிக்கு முக்கால் டாலர். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வருஷ வருமானம் 1950-இல் சுமார் 3,300 டாலர். அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் விளம்பரங்களின் சிரிப்பு கொஞ்சம் மங்குகிறது. ஆர்.சி.ஏ. கம்பெனி 1954-இல் வெளியிட்ட முதல் வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டி 1,000 டாலர். அதாவது அப்படிப்பட்ட குடும்பத்தின் மூன்றரை மாதத்துக்கு மேற்பட்ட சம்பாத்தியம். அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள், வர்ணத்தில் நிகழ்ச்சி வரும் நாளுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

அதே சமயத்தில் ஸ்வான்சன் கம்பெனியின் ‘டி.வி. டின்னர்’ வந்தது: அலுமினியத் தட்டில் வான்கோழி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உறைய வைத்தது, விலை 98 சென்ட். பெட்டியின்மேல் தொலைக்காட்சியின் திரையும் குமிழ்களும்கூட அச்சிட்டிருந்தது. இதை என் மனைவியிடம் பிரஸ்தாபித்தேன்.

“எவனோ எப்போதோ சமைத்ததைச் சூடு பண்ணித் தின்ன முழுசாக ஒரு டாலரா?” என்றாள். சிறிது யோசித்துவிட்டு, “அன்றைக்கு அந்த வீட்டுக்காரிக்குச் சமையல் இல்லை, அப்படித்தானே? அப்படியானால் சல்லிசுதான்” என்று தீர்ப்பளித்தாள்.

பெட்டிதான் விலையே தவிர, அதில் வரும் நாடகமும் பாட்டும் செய்தியும் இனாம். இனாம் என்றால் வேறு யாரோ கொடுக்கிறார் என்று அர்த்தம். கொடுப்பவர் தம் பெயரை நிலைக்கதவில் பொறிக்காமல் விடுவாரா? என்.பி.சி.யின் மாலைச் செய்தி பதினைந்து நிமிஷம். அதன் பெயர் ‘கேமல் நியூஸ் காரவன்’. கேமல் என்பது சிகரெட். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும், அந்தச் செய்திப் படத்தில் சுருட்டுப் பிடிக்கிற மனிதன் தலைகாட்டக் கூடாது என்பது புரவலரின் ஆக்ஞை. ஒரே ஒருவருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்: வின்ஸ்டன் சர்ச்சில். ஹிட்லரை வென்ற மனிதருக்குச் சிகரெட் கம்பெனியாரும் அந்தச் சலுகையைக் காட்டத்தான் வேண்டியிருந்தது.

ஜனங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. 1953 ஜனவரி 19-ஆம் தேதி இரவு, ‘ஐ லவ் லூசி’ தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்ததை நான்கு கோடியே நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள்; மறுநாள் ஐசனோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம் பேர்தாம். சிக்காகோவில் மார்ஷல் ஃபீல்டு என்ற பெரிய கடை, திங்கட்கிழமை இரவில் லூசியோடு போட்டிபோட முடியாதென்று, இரவு வியாபாரத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது.

புதிர்ப் போட்டிகளுக்கும் அப்படியே மவுசு. ‘ட்வென்ட்டி ஒன்’ என்ற போட்டியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர், தாம் மூன்று முறை பார்த்த ‘மார்ட்டி’ படத்தின் பெயரையே தெரியாதவர்போல் தவறாகச் சொல்லித் தோற்க வேண்டுமென்று தயாரிப்பாளர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரை வென்ற கொலம்பியா சர்வகலாசாலை ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் 1,29,000 டாலர் பரிசு பெற்று, விடைகள் முன்கூட்டியே தமக்குத் தரப்பட்டதை 1959-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் ஒப்புக்கொண்டார். அதே வருஷம் நாஜிகள்மீதான நியூரம்பர்க் விசாரணையைப் பற்றிய நாடகம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. புரவலர்களில் ஒருவர் சமையல் வாயு வியாபாரிகளின் சங்கம். ஆகவே லட்சக்கணக்கானோர் மாண்ட விஷவாயுவைப் பற்றிய வசனத்தில் ‘வாயு’ என்ற சொல்லின் ஒலியை மட்டும் அடைத்துவிட்டார்கள். இதற்குச் சிரிக்க எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் கடைசியாக எடுத்து வீசும் பிரம்மாஸ்திரம் வீடு. லாங் தீவில் லெவிட் கம்பெனியார் கட்டிய லெவிட்டவுனில் 1949-இல் ஒரு வீடு 7,990 டாலர்; யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு முன்பணம்கூட வேண்டாம்; 1950-இல் கட்டிய வீடுகளில் சுவருக்குள்ளேயே தொலைக்காட்சி பதித்திருந்தது. “அப்போது நீங்கள் வந்திருந்தால் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம்” என்றார். நூலகத்தில் அதையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆரம்பகால ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களாயிருந்தால் மட்டும் விலக்கு என்று கண்டிருந்தது. அந்தப் பிரிவு எடுபட்ட பின்பும் கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்றே கம்பெனியார் சாதித்தார்கள். அது போகட்டும், 1946-ஆம் வருஷச் சட்டப்படி, இந்தியா முழுவதிலிருந்தும் அமெரிக்காவில் குடியேற அனுமதி வருஷத்துக்கு 100 பேருக்குத்தான். அந்த நூற்றில் ஒருவனாக நான் வந்து சேர்ந்திருந்தாலும், லெவிட்டவுனில் சமையற்காரனாகத்தான் நுழைந்திருக்க முடியும். என் சமையலை ஒரு வேளை உண்டவர்கள் அந்த விலக்கையும் ரத்து செய்திருப்பார்கள். இதைச் சொன்னதும் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்; பிறகு, “அது உண்மைதான்; என் அண்ணன் கையெழுத்திட்ட பத்திரத்திலேயே அது இருந்தது” என்றார். நேர்மையான மனிதர், அதனால்தான் அவருடைய புராணத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிக்கல் இன்றும் செலாவணியில் இருக்கிறது. அதைக் கொண்டு வாங்கக்கூடிய சரக்கு எதுவும் இந்த ஊர்க் கடைகளில் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் அச்சடிப்பது நின்றபாடில்லை. 2024-ஆம் நிதியாண்டில் ஒரு நிக்கலைத் தயார் செய்ய அமெரிக்க நாணயச்சாலைக்குப் பிடித்த செலவு ஏறத்தாழ 14 சென்ட்.