பத்து நாளில் பழைய கால்

காலை ஐந்தே முக்கால். எங்கள் ஊர்க் கல்லூரி மைதானம். நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்கிற கோஷ்டியில் நானும் ஒருவன். அன்று பெஞ்சுக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் மைதானத்து மார்க்கர். இருபத்திரண்டு வருடமாக இந்த மண்ணில் கோடு போடுகிறவர். சுண்ணாம்புத் தூளைச் சலித்துக்கொண்டிருந்தார். கட்டி இருந்தால் கோடு போடும் வண்டி அடைத்துக்கொள்ளும். இன்னொருவன் மூன்றாம் ஆண்டு பி.காம். 5000 மீட்டர்க்காரன், ஸ்போர்ட்ஸ் கோட்டா. லாங் ஜம்ப் பிட்டில் மல்லாந்து கிடந்தான்.

மார்க்கர்: தம்பி, அந்த மணலை நேத்து சாயங்காலம்தான் கொத்திவிட்டேன். படுக்கிறதுக்கு இல்ல, விழுறதுக்கு.

மாணவன்: விழுந்துதாண்ணே கிடக்கேன்.

மார்க்கர்: அப்ப சரி. எத்தனை ரவுண்டு?

மாணவன்: பன்னெண்டரை போகணும். மூணாவதுல நின்னுட்டேன். ஆனா முதல் லேப் 74 செகண்டுண்ணே! என் பெஸ்ட் 15:50. அதுக்கே லேப்புக்கு 76தான் கணக்கு.

மார்க்கர்: ரெண்டு செகண்டு மிச்சம் புடிச்சிருக்க. மிச்சத்தை எங்க வச்சிருக்க?

மாணவன்: ரெண்டாவது லேப் 91.

மார்க்கர்: வட்டியோட கட்டிட்ட. எத்தனை நாள் கழிச்சு கிரவுண்டுக்கு வர்ற?

மாணவன்: ஆறு வாரம். ஸ்டடி லீவு, செமஸ்டர், அக்கா கல்யாணம், கடைசியா ஒரு வாரம் காய்ச்சல்.

மார்க்கர்: இதுல காய்ச்சல் ஒண்ணுதான் தேதி சொல்லாம வந்தது.

மாணவன்: இன்டர்-காலேஜ் மீட்டுக்குப் பத்து நாள்தாண்ணே இருக்கு. அதுக்குள்ள பழைய ஃபார்முக்கு வந்துடணும்.

மார்க்கர்: பத்து எதுக்கு? ஒன்பதுலயே முடி. பத்தாம் நாள் ரெஸ்ட் வேண்டாமா?

(கிண்டல் என்று அவனுக்குப் படவில்லை. எழுந்து உட்கார்ந்து, மணல் ஒட்டிய கையோடு போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். மார்க்கர் சல்லடையைத் தட்டினார்.)

மாணவன்: பிளான் பக்காவா இருக்குண்ணே. காலையில பத்து கிலோமீட்டர். சாயங்காலம் 400 மீட்டர் பன்னெண்டு தடவை. நடுவுல ஜிம். எக்செல்ல போட்டுக் கலர் கூடக் குடுத்துட்டேன்.

மார்க்கர்: காலேஜுக்கு எப்பப் போவ?

மாணவன்: ஓ.டி. போட்டுக்கலாம்ணே.

மார்க்கர்: கையில என்ன, புது வாட்சா?

மாணவன்: மச்சான் வாங்கிக் குடுத்தாரு. நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாம் சொல்லும். ஆனா மூணு நாளா என்னைப் பார்த்து ‘அன்ப்ரொடக்டிவ்’னே காட்டுதுண்ணே. ஒண்ணுத்துக்கும் உதவாத பயிற்சின்னு அர்த்தம்.

மார்க்கர்: எங்க வீட்டுல இருபது வருஷமா அதைத்தான் சொல்றாங்க. சார்ஜ் கூடப் போட வேண்டியதில்ல.

மாணவன்: சும்மா ஒண்ணும் இறங்கலண்ணே, இதுல சயின்ஸ் இருக்கு. 1966ல அமெரிக்காவுல, டாலஸ்ல, இருபது வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் கட்டில்லயே படுக்க வச்சாங்க. எந்திரிச்சதும் சோதிச்சுப் பார்த்தா, உடம்பு ஆக்ஸிஜன் எடுக்கிற சக்தியில கால்வாசிக்கு மேல காலி! அதே அஞ்சு பேரை முப்பது வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு மறுபடி சோதிச்சாங்க. முப்பது வருஷ வயசு பண்ணுன சேதத்தைவிட அந்த மூணு வாரப் படுக்கை பண்ணுன சேதம் பெரிசுண்ணே.

மார்க்கர்: ஐயோ பாவம். முப்பது வருஷம் அப்படியே விட்டுட்டாங்களா?

மாணவன்: இல்லண்ணே, படுக்கையை விட்டு எந்திரிச்ச உடனே டிரெயினிங் குடுத்தாங்க. எல்லாம் திரும்பி வந்துச்சு. முன்னைவிட மேலயே வந்துச்சு.

மார்க்கர்: பலே. எத்தனை நாள் டிரெயினிங்?

மாணவன்: அது... ஒரு எட்டு வாரம்.

மார்க்கர்: காதுல விழல தம்பி.

மாணவன்: எட்டு வாரம்ணே.

மார்க்கர்: மூணு வாரம் படுத்ததைச் சத்தமாச் சொன்ன. எட்டு வாரம் ஓடுனதை மட்டும் தொண்டைக்குள்ளயே வச்சுக்கிட்ட. சரி, மேல சொல்லு.

மாணவன்: நல்ல சேதியும் இருக்குண்ணே! 1984ல இன்னொரு ஆராய்ச்சி. வருஷக்கணக்குல பயிற்சி எடுத்த ஏழு பேரை 84 நாள் சும்மா இருக்கச் சொன்னாங்க. முதல் மூணு வாரத்துல ஏழு சதவீதம் இறங்குச்சு. 56 நாள்ல பதினாறு. அதுக்கு மேல இறங்கல. தசைக்குள்ள ரத்தம் ஓடுற நுண்குழாய் எல்லாம் அப்படியே இருந்துச்சாம்.

மார்க்கர்: வாய்க்கால் தூர்ந்து போகல, தண்ணிதான் வத்திருக்கு.

மாணவன்: கரெக்ட்டுண்ணே! ரத்தத்துல இருக்கிற நீர்தான் முதல்ல குறையுது. அதான் இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்புற ரத்தமும் குறையுது. ஓட ஆரம்பிச்சா அந்த நீர் நாள்கணக்குல திரும்பிடும். ஒரு வாரத்துல மூச்சு நல்லா இருக்கும்.

மார்க்கர்: அந்த ஒரு வாரம் கழிச்சுத்தான் எனக்குப் பயம்.

மாணவன்: ஏன்?

மார்க்கர்: இங்க வா. முந்தாநாள் மழை பெஞ்ச இடம். இந்த வளைவுல கட்டைவிரலை வச்சு அழுத்து.

(அவன் குனிந்து அழுத்தினான். மேல்மண் ஓடு மாதிரி காய்ந்து வெளுத்திருந்தது. விரல் பட்டதும் அப்பளம் போல் உடைந்து, உள்ளே கருஞ்சேற்றில் நகம் முழுகியது. நானும் பிறகு ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். கைக்குட்டை வீணாயிற்று.)

மார்க்கர்: மேல வெயில்ல நேத்தே காஞ்சிருச்சு. பார்க்கிறவன் டிராக் ரெடிம்பான். உள்ள காய இன்னும் மூணு நாள் வேணும். மூச்சு ஒரு வாரத்துல வந்துரும். வந்ததும் நீ 400 மீட்டரைப் பன்னெண்டு தடவை போவ. உன் முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு இருக்கு பாரு, அதுக்கும் நரம்புக்கும் எந்த ஆராய்ச்சி பத்தியும் தெரியாது. அதுங்க சைக்கிள்ல வர்ற ஆளுங்க. மூச்சு பைக்ல வந்து, காபி குடிச்சிட்டு, இன்னும் வரலையான்னு கத்தும்.

மாணவன்: ஷின் பெயின் எனக்கு வந்ததே இல்லண்ணே.

மார்க்கர்: போன வருஷம் உங்க சீனியர் ஒருத்தனும் இதே வசனம். காதல் தோல்வி, ரெண்டு மாசம் கிரவுண்டுப் பக்கமே வரல. வந்த அன்னைக்கே ஆக்ரோஷமா ஸ்பைக்ஸ் மாட்டுனான். மூணாவது வாரம் எலும்புல கீறல். இப்ப நல்லா இருக்கான். மீட் அன்னைக்கு மைக்குல ‘செகண்ட் கால்’ சொல்றது அவன்தான். நல்ல குரல்.

மாணவன்: அண்ணே, ஜோன் பெனாய்ட் கேள்விப்பட்டிருக்கீங்களா? 1984ல முழங்கால்ல ஆபரேஷன். பதினேழாவது நாள் அமெரிக்க மாரத்தான் செலக்‌ஷன்ல ஓடி ஜெயிச்சாங்க! ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலீஸ்ல ஒலிம்பிக் தங்கம். பதினேழு நாள்ணே! எனக்குக் கத்தி கூடப் படல.

மார்க்கர்: கும்பிடணும் அந்தம்மாவை. கால் கட்டுல இருந்தப்ப சும்மா படுத்திருந்துச்சா?

மாணவன்: இல்ல... சைக்கிள் மாதிரி ஒரு மெஷின்ல கையால பெடல் சுத்துனாங்களாம்.

மார்க்கர்: கால் ஓய்ஞ்சாலும் கை ஓடிருக்கு. நியாயமாப் பார்த்தா உன் கையும் ஓடிருக்கு. பந்தியில.

(இதற்கு நான் சிரித்தது பெஞ்சைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்து, பனியனை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.)

மாணவன்: நாலு கிலோதாண்ணே ஏறிருக்கு. அதுவும் தண்ணி வெயிட்.

மார்க்கர்: இப்பத்தான ரத்தத்துல தண்ணி குறைஞ்சிருச்சுன்ன?

மாணவன்: ...

மார்க்கர்: சரி விடு. இவ்வளவு படிச்சிருக்கியே, திரும்பி வர்றதுக்குக் கணக்குன்னு யாரும் எழுதி வைக்கலயா?

மாணவன்: இருக்கு. ஜாக் டேனியல்ஸ்னு ஒரு கோச்.

மார்க்கர்: அந்தப் பேருல ஹாஸ்டல் பின்னாடி காலி பாட்டில் பார்த்திருக்கேன்.

மாணவன்: இவரு வேறண்ணே! ஒலிம்பிக் மெடல் வாங்குனவரு, 1956லயும் 1960லயும், மாடர்ன் பென்டாத்லான் டீம்ல. அவரு கணக்குப்படி எத்தனை நாள் விட்டோமோ அத்தனை நாள் எடுத்துக்கணும். ஆறு வாரம் விட்டா, முதல் ரெண்டு வாரம் பழைய ஓட்டத்துல மூணுல ஒரு பங்கு. அடுத்த ரெண்டு வாரம் பாதி. கடைசி ரெண்டு வாரம் முக்கால்.

மார்க்கர்: பேருக்கு ஏத்த மாதிரி அளந்துதான் ஊத்திருக்காரு. நீ முழுப் பாட்டிலை அப்படியே கவுத்தப் பார்க்கிற.

மாணவன்: உங்களுக்கென்னண்ணே. பி.டி. சார் என் பேரை 5000, 10000, ஸ்டீபிள்சேஸ் மூணுலயும் குடுத்துட்டாரு. சாம்பியன்ஷிப்புக்கு ஏழு பாயின்ட் இடிக்குதாம்.

மார்க்கர்: ஸ்டீபிள்சேஸா? நம்ம காலேஜ்ல தண்ணிக்குழியே கிடையாதே.

மாணவன்: மீட் நடக்கிற இடத்துல இருக்குமாம். அங்க போய்ப் பழகிக்கலாம்னாரு.

மார்க்கர்: நல்லது. மூணு ஈவன்ட், ஒரே ஆளு, தினம் ரெண்டு முட்டை. உன் சீட்டுக்கு ஆபத்து வருமா?

மாணவன்: ஓடலன்னா கோட்டாவைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

(மார்க்கர் ஒன்றும் சொல்லவில்லை. சலித்த தூளை வண்டியில் கொட்டி, மூடியை இறுக்கினார். இந்த இடத்தில் அவர் கிண்டல் செய்திருந்தால் எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்கும்.)

மார்க்கர்: 5000 ஒண்ணு ஓடு. கடைசியா வந்தாலும் முடிச்சிட்டு வா. மத்த ரெண்டுக்கும் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கு, காய்ச்சல் வந்தது நிஜம்தானே. பி.டி. சாருக்கு என் வார்த்தை செல்லாது, சீட்டு செல்லும். அடுத்த வருஷ மீட்டுக்கும் நீ இருப்பல்ல?

மாணவன்: எம்.காம். சேந்தா இருப்பேன்.

மார்க்கர்: சேரு. இப்ப இந்தக் கம்பியைப் புடி. வளைவுக்கு நடுவுல முளை அடிச்சிருக்கேன், அதுல மாட்டிட்டு இழுத்துப் புடிச்சபடியே நடந்து வா. தொய்ஞ்சுதுன்னா கோடு உள்ள வந்துரும். நான் பின்னாடி வண்டியைத் தள்ளுறேன்.

மாணவன்: எவ்வளவு தூரம்ணே?

மார்க்கர்: ஆறு லேனு, ஏழு கோடு. மொத்தம் மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.

(நடந்தார்கள். முதல் கோட்டில் அவன் வாட்சை நாலு தடவை பார்த்தான். மூன்றாவது கோட்டில் கம்பியைப் பார்த்தான். ஐந்தாவதில், வளைவு எங்கே நேராகிறது என்று மார்க்கரிடமே வாதாடிக்கொண்டிருந்தான். சூரியன் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்துவிட்டது. கேட்டுப் பக்கம் பி.டி. சாரின் ஸ்கூட்டர் சத்தம்.)

மாணவன்: போச்சு! இன்னைக்கு என்ன பண்ணுனன்னு கேட்டா என்னண்ணே சொல்றது?

மார்க்கர்: டிராக் ஒர்க்னு சொல்லு.