உறிஞ்சித் துப்புவோரும் ஊதிக் குடிப்போரும்: நுவரெலியா, ஹட்டன் வீதிகளின் தேநீர் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

திராட்சை விளையும் ஊர்களில் சனி, ஞாயிறுக்கென்று ஒரு சடங்கு உண்டு. பிரான்சின் போர்தோவிலும் கலிபோர்னியாவின் நாப்பாவிலும் மக்கள் காரேறித் தோட்டம் தோட்டமாகப் போவார்கள். அங்கேயே வடித்த வைனைக் கோப்பையில் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு சுவைப்பார்கள். பிறகு பக்கத்துச் சிற்றூரில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பிடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வீடு திரும்புவார்கள். இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இதே சடங்கு நடக்கிறது. திராட்சையின் இடத்தில் தேயிலை, அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு புதிர் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் சுவைக்கூடத்தில் நல்ல தேநீரை வயிறாரக் குடித்துவிட்டு வெளியே வருபவர், அடுத்த வளைவிலேயே வாகனத்தை ஓரங்கட்டி, தகரக் கூரைக் கடையொன்றில் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொல்கிறார். இது ஏன்? அறிவுலகம் இக்கேள்வியை எதிர்கொள்ளத் தயங்கிய நிலையில் இக்கட்டுரை அப்பொறுப்பை ஏற்கிறது.

மலைநாட்டுக்கு மது அந்நியமா எனின், அன்று. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தவர், பின்னாளில் ஆப்பிரிக்காவில் நைல் நதியின் ஊற்றுத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர். இவ்வூரின் பியர் வரலாறும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்கும். 1881-ல் இங்கே வியாபார அளவில் பியர் வடிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆலை பின்னர் கொழும்புக்கு அருகே பியகமவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், இன்று நுவரெலியாவில் பியர் மலையேறி வரும் பொருள். ஆகவே அது ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஆய்வுக் குழுவில் சிலர் இதை எழுத்து மூலம் எதிர்த்தனர்.

2. களம்

களம் இரண்டு வீதிகள். ஒன்று, கண்டியிலிருந்து இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவது. மற்றது, ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக வருவது. இரண்டும் 4,000 அடிக்கு மேல் விளையும் உயர்நிலத் தேயிலையின் நடுவே வளைந்து செல்கின்றன. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட செடிதான் இதற்கெல்லாம் தொடக்கம். 1869-ல் கோப்பிச் செடியை இலைத்துரு நோய் பிடித்திராவிட்டால் இன்று ஆய்வின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

கண்டி வீதியில் லபுக்கலைத் தோட்டம் நெடுங்காலமாக வருவோருக்கு ஆலையைச் சுற்றிக் காட்டித் தேநீரும் தருகிறது. கூடவே சொக்லட் கேக் விற்கிறது. நுவரெலியாவை ஒட்டி 1885-ல் தொடங்கிய பீட்ரு தோட்டம். ஹட்டன் வீதியில் பத்தனைப் பக்கம் கோட்டை வடிவில் எழுப்பிய மிலெஸ்னா தேநீர் மாளிகை. அதே வீதியில் டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளையும் பார்க்கலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012-ல் இயங்கத் தொடங்கிய பின் சென்கிளேயருக்குப் பகலில் மட்டும் நீர் திறந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. அலுவலக நேரம் பார்த்து விழும் நீர்வீழ்ச்சி என்ற வகையில் இது தனி ஆய்வுக்கு உரியது.

3. முதல் வகை: துப்பு முறை

தேயிலைச் சுவைஞர் தேநீரைக் குடிப்பதில்லை. வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஊறிய இலை. அவர் கரண்டியால் அள்ளி, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி 'சர்ர்' என்று உறிஞ்சுவார். காற்றோடு சேர்த்து நாக்கு முழுவதும் பரவவிட்டு, சக்கரம் வைத்த துப்பற்கலத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் செய்தால் முதுகில் விழும் காரியத்துக்கு இங்கே சம்பளம் உண்டு.

இந்தக் கோப்பையைத் தயாரிக்க உலகத் தரமே இருக்கிறது. 1980-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103-ன்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறும் நேரம் ஆறு நிமிடம். தேநீர் போடுவது எப்படி என்று ஆறு பக்கத்தில் விளக்கிய பிரித்தானியத் தர நிறுவனத்துக்கு 1999-ல் இலக்கியத்துக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. தகுதியுள்ள நூலுக்குத் தாமதமாகவேனும் பரிசு வந்ததில் இவ்வாய்வு மகிழ்கிறது.

ஈண்டு ஒரு தடை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். 'கொதிநீர்' என்று ஏட்டில் எழுதியவருக்குக் கொழும்பில் கிடைக்கும் வெப்பம் தேயிலை விளையும் ஊரில் கிடைக்காது. அஃதேல், பிறந்த மண்ணில் தேயிலை தன் முழுச் சாயத்தையும் காட்டாதா எனின், காட்டும். அதற்கு வழி கண்டவர்கள் தரநிர்ணயக்காரர்கள் அல்லர், கடைக்காரர்கள்.

4. இரண்டாம் வகை: ஊது முறை

கடையின் வாசலிலேயே அடுப்பில் பித்தளைக் கொதிகலன். தேத்தண்ணி போடுபவர் துணிப் பை வடிகட்டியில் நுண்ணிய டஸ்ட் தேயிலையைக் கொட்டிக் கொதிநீரை ஊற்றுகிறார். பெரிய இலையென்றால் சாயம் மெல்ல இறங்கும். தூள் நுண்ணியதானால் மறுகணமே கறுத்து இறங்கும். கிளாசில் பால்மாவும் சீனியும் போட்டுக் கலக்கி, சாயத்தை ஊற்றி, இரண்டு சாடிகளுக்கிடையே கை நீளத்துக்குத் தூக்கி ஆற்றுகிறார். நுரை பொங்கி நிற்கிறது. ஆறு நிமிடமெல்லாம் காத்திருந்தால் பஸ் போய்விடும்.

“அண்ணே, ரெண்டு பால்டீ, ஒரு இஞ்சி பிளேன்டீ!”

பிளேன்டீக்குச் சீனி வேண்டாதவர்கள் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். கிளாசின் சூட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டி வைத்து, ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். மூடுபனி இறங்கும் மாலையில் இதற்கு ஈடான கணப்பு இல்லை.

உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு வரும். மீன் ரோல்ஸ், கட்லட், முக்கோணமாய் மடித்த மரக்கறி ரொட்டி, மாலு பணிஸ், உளுந்து வடை. தின்றதற்கு மட்டும் காசு. மிச்சத் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். எழும்போது பரிமாறுபவர் தட்டை ஒரு பார்வை பார்த்து, காசு மேசையிலிருக்கும் முதலாளிக்குக் குரல் கொடுப்பார். பட்டியல் இல்லை, ரசீது இல்லை. கை துடைக்கச் சதுரமாய் வெட்டிய பழைய பத்திரிகைத் தாள் உண்டு. அதில் செய்தியும் உண்டு. இரவானால் கொத்துரொட்டித் தகட்டில் இரண்டு கத்திகள் தாளம் போடத் தொடங்கும்.

ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றிய கடைகளில், சம்பளம் கிடைத்த வாரத்து ஞாயிறன்று தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். தாய் மாலு பணிஸைப் பிய்த்துப் பாதியை மகனிடம் கொடுக்கிறாள். அவன் உள்ளேயிருக்கும் மீன் கறியை மட்டும் நோண்டித் தின்றுவிட்டு வெறும் பணிஸைத் திருப்பி நீட்டுகிறான். அவள் அதைத் தன் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுகிறாள். சுற்றுலாப் பயணிகளின் வார இறுதி பற்றி எழுதுவோர் கண்ணில் இந்த உல்லாசப் பயணம் படுவது அரிது.

5. கணக்கு

ஆய்வு என்றால் எண் வேண்டும் என்பதால் இப்பகுதி.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய அளவு 18 கிலோவாக இருந்தது. அப்படியானால் ஒரு பெண்ணின் ஒரு நாள் கொழுந்து, ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலையில் வாடி, உருண்டு, புளித்து, வறுபட்டு 4 கிலோ தேயிலையாகிறது. ஐ.எஸ்.ஓ. அளவில் அது 2,000 கோப்பை.

இனி மறுபக்கம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில், டொலர் தட்டுப்பாட்டில் பால்மா விலை ஏறியபோது, சிற்றுண்டிச்சாலை உரிமையாளர்கள் ஒரு கோப்பை பால் தேநீரை 100 ரூபாயாக்கினார்கள். 2,000 கோப்பைக்குக் கொழுந்து பறித்தவருக்கு, அந்த நாளின் சம்பளத்தில் பத்துக் கோப்பை. கணக்கைத் திருப்பிப் போட்டும் விடை மாறவில்லை.

அக்காலத்தில் பல கடைகள் பால்டீ போடுவதையே நிறுத்தின. சுற்றிலும் தேயிலை மலை. பக்கத்தில் அம்பேவளையில் பால் பண்ணை. ஆனால் கடைக் கிளாசுக்குரிய பால் பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து தூளாக வர வேண்டும். டொலர் இல்லாவிட்டால் பிளேன்டீதான் என்பது இதனாற் பெறப்படும்.

6. தடையும் விடையும்

சுவைக்கூடத்துக் கோப்பை சிறிது. அதனால்தான் மக்கள் கடைக்கு ஓடுகிறார்கள் என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. லபுக்கலையில் கேக்கோடு குடித்தவரும் கடையில் இறங்கக் காண்கிறோம்.

இடத்தின் மரியாதை போதவில்லை போலும் என்பார் மற்றொருசாரார். அதுவும் பொருந்தாது. 1876-ல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுணவுக்குக் கோட்டும் டையும் வேண்டும் என்பது பழைய விதி. இல்லாதவருக்கு இரவல் கொடுத்தாவது உட்கார வைப்பார்கள். அங்கே கழுத்து இறுகச் சாப்பிட்டவரும் மறுநாள் காலை டவுன் கடையில் சாரத்தோடு நிற்பதுண்டு.

சுவைக்கூடத்தில் தேநீரைப் பற்றிக் கேட்கிறோம்: தேயிலைத் தரங்களில் பி.ஓ.பி. எது, பி.ஓ.பி.எப். எது, திம்புள்ளைத் தேயிலைக்குத் தை, மாசிக் காற்று எப்படி மணமேற்றுகிறது. கேட்டு முடித்தால் வாசல் விற்பனைக் கூடத்துக்குத் திறக்கும். கடையில் யாரும் எதையும் விளக்குவதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் நகர்ந்து இடம் கொடுத்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார். புதிருக்கு இவ்வாய்வு முன்வைக்கும் விடை இதுவே.

7. வரம்புகள்

ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கூட்டும் நெரிசலில் கடைக்குள் நுழைய முடியாமையால் அம்மாதத் தரவு இல்லை. நானுஓயாப் பக்கம் ரயிலில் விற்கும் வடை, பழைய கொப்பித் தாளில் சுற்றி வந்தது; அதிலிருந்த வகுத்தல் கணக்கை ஆசிரியரே பிழை என்று வெட்டியிருந்ததால் சான்றாக ஏற்கவில்லை.

இறுதியாக, தட்டில் வைத்தது எத்தனை, எழும்போது இருந்தது எத்தனை என்பதில் பரிமாறிய தம்பிக்கும் ஆய்வுக் குழுவுக்கும் ஒரு ரோல்ஸ் அளவில் கருத்து வேறுபாடு எழுந்தது. குழு தம்பியின் கணக்குப்படியே காசைக் கட்டியது. தலைவர் மறுப்புத் தெரிவிக்க விரும்பினார். அந்நேரம் அவர் வாய் நிறைந்திருந்ததால் மறுப்பு பதிவாகவில்லை.