பகீரா எந்தப் பந்தியில் உட்காரும்?

தாவும் சிலந்திகளை உணவு பற்றி மூன்றாகப் பகுப்பது இவ்வாய்வின் மரபு. ஒன்று, ஈ பிடிப்பவை. இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு, மற்றச் சிலந்திகளைப் பிடிப்பவை. இவற்றைப் பற்றி வேண்டிய மட்டும் சொல்லியாயிற்று. மூன்றாம் வகைக்கு உறுப்பினர் ஒருவரே. எஞ்சிய இடமெல்லாம் அவருக்கு.

பெயர், பகீரா கிப்லிங்கி. ஊர், மெக்சிகோ முதல் கோஸ்டா ரிகா வரை. உடல் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். கிப்லிங்கின் ‘ஜங்கிள் புக்’ 1894இல் வந்தது. அதில் வரும் கருஞ்சிறுத்தையின் பெயரை 1896இல் ஜார்ஜ், எலிசபெத் பெக்கம் தம்பதியர் இதற்குச் சூட்டினர்.

சிறுத்தை தின்பதோ இலை நுனி! அங்குள்ள ஒரு வகை வேலமரம், தன்னைக் காக்கும் எறும்புகளுக்கு முள்ளுக்குள் வீடும், சிற்றிலை நுனியில் சத்து உருண்டைகளும் கொடுக்கிறது. அந்தக் கூலியைத்தான் பகீரா களவாடுகிறது. எறும்பு அதிகம் எட்டிப்பார்க்காத முற்றிய இலைகளில் கூடு கட்டி, காவல் வந்தால் தாவிவிடுகிறது.

உருண்டைகளைப் பற்றித் தாமஸ் பெல்ட் 1874இலேயே எழுதிவிட்டார். அதைத் தின்னும் சிலந்தியைப் பற்றிய ஆய்வு 2009இல்தான் அச்சேறியது. பெயருக்கும் சாப்பாட்டுக்கும் இடையே 113 ஆண்டுகள். குப்பிக்குள் இருப்பதற்குப் பசிக்காது என்று அறிஞர்கள் இருந்துவிட்டார்கள் போலும்.

இனித்தான் சிக்கல். மெக்சிகோவில் இதன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உருண்டை. கோஸ்டா ரிகாவில் ஏறக்குறைய 60 சதவீதமே. மீதியில் பூந்தேன் போன்ற சாறு உண்டு, எறும்புக் குஞ்சும் உண்டு. ஆகவே இது சைவமா?

‘சிலந்தி போசன தீபிகை’ (ஆசிரியர் பெயர் கரையானுக்குத் தெரியும்) ஆம் என்கிறது. ‘தீபிகா கண்டனம்’, மெக்சிகோச் சிலந்திக்கு மட்டும் இலை போடலாம், கோஸ்டா ரிகாக்காரர் திண்ணையில் இருக்கட்டும் என்கிறது. இரண்டையும் பிளக்க எழுந்த ‘தீபிகா கண்டன கண்டன குடாரம்’ (மூன்றாம் பதிப்பு, முதலிரண்டு பதிப்புகள் வெளிவரவில்லை), பதினான்காம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், எறும்புக் குஞ்சு காவல்காரன் பிள்ளையாதலால் அதைத் தின்பது போரில் சேரும், போசனத்தில் சேராது எனத் தெளிவிக்கிறது. பிழைதிருத்தப் பட்டியலோ, ‘போர்’ என்பதை ‘மோர்’ எனத் திருத்திக்கொள்க என்கிறது. இதை வைத்து இருவர் முனைவர் பட்டம் பெற்றுவிட்டனர்.

வறட்சிக் காலத்தில் பகீரா தன் இனத்தையே தின்பதும் உண்டு. குடாரக்காரர் இதற்கும் அசரவில்லை. அது குடும்ப விவகாரமாம். ஆய்வாளர் தலையிடக் கூடாதாம்.