கழுத்தில் தொங்கும் காரியதரிசி

கேள்வி: உல்லாசக் கப்பல்களில் பிரயாணிகளின் சௌகரியத்துக்காகப் புகுத்தப்படும் நவீன சாதனங்களால் உண்மையில் பிரயோஜனம் உண்டா?

பதில்: 2017-ஆம் ஆண்டில் ‘ரீகல் பிரின்சஸ்’ கப்பலில் அறிமுகமான, கால் டாலர் நாணயமளவே உள்ள ‘மெடாலியன்’ என்னும் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், அறையை நெருங்குகையிலேயே பூட்டு தானாகத் திறந்துகொள்வதும், மேல்தளத்தில் எந்த மூலையில் சாய்ந்து கிடந்தாலும் கேட்ட பானத்தைப் பரிசாரகர் தேடிக் கொணர்வதும் மெச்சத்தக்க சௌகரியங்களே. நீச்சல் குளத்திலிருந்து ஈரத் துண்டோடு வந்து, சாவியைக் காணாமல் நடைவழியில் விழிக்கும் அவஸ்தை ஒழிந்ததல்லவா! ஆனால், அதே வில்லையின் தயவால் குடும்பத்தார் எங்கிருக்கிறார்கள் என்பதையும் கைப்பேசியில் கண்டுகொள்ளலாமாகையால், காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சூதாட்டக் கூடத்தில் வீற்றிருக்கும் கணவன்மார்கள் அதை அறையிலேயே மறந்துவிட்டுச் செல்வது உசிதம். திரும்பியதும் கதவை யார் திறப்பார்கள் என்கிறீர்களா? மனைவிதான்; காரணம் கேட்ட பிறகு.