கோடு போட்ட திரை

கேள்வி: லேப்டாப்பை முழுதாகத் திறந்தால் திரையில் கோடு கோடாக ஓடுகிறது. பாதி மூடினால் சரியாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருவதிகை

பதில்: பாதி மூடியபடியே கழுத்தைச் சாய்த்து வேலை பார்க்கலாம், கழுத்துவலிக்குத் தனியாகக் கேள்வி அனுப்புங்கள். சூலைநோய் தீர அப்பர் முதல் பதிகம் பாடிய ஊர் உங்களுடையது. லேப்டாப்பின் இந்த நோய்க்கு உங்கள் ஊர்ச் சிவன் வீரட்டானேசுவரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பண்ருட்டியில் ரிப்பேர் கடை வரை போனால் போதும். கீல் அசையும்போது படம் மாறினால், பெரும்பாலும் குற்றவாளி கீல் வழியாகத் திரைக்குப் போகும் மெல்லிய கேபிள்தான். எதற்கும் எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக வந்தால் கிராபிக்ஸ் சிப் மேல் சந்தேகம் வேண்டாம். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே "டிஸ்ப்ளே போச்சு சார்" என்பார். "முதல்ல கேபிளைப் பாருங்க" என்று சொல்லுங்கள். கேபிள் விலை குறைவு. அதனால் அது அவருக்குச் சட்டென்று ஞாபகம் வராது.